எடைக்கு ஒரு கட்டம்

“அந்த அம்மாவை வெளியே போகச் சொல்லுங்க. இல்லேன்னா இந்தக் கால் கட்டோடவே எழுந்து வந்து நானே தள்ளிவிட்டுடுவேன்!”

கட்டிலில் கிடந்தவன் போட்ட சத்தத்தில் தலைமாட்டில் தொங்கிய சலைன் பாட்டில் ஆடியது. ‘அந்த அம்மா’ என்று அவன் சொன்னது கூடப் பிறந்த அக்காவை. அவள் அறைக்குள் வரக்கூட இல்லை. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்தக் காலையும் வெளியே எடுத்துக்கொண்டாள்.

ஊசி கதவைச் சாத்தினான். ஊசி என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆள் ஒல்லி, பேச்சு குத்தும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் துப்பறியும் மேடத்துக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு: கறார். அதை அவள் காதுபடச் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஊசி சொல்லுவான், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

“யார் அனுப்பினது உங்களை? அவதானே?” என்று கட்டிலில் இருந்தவன் கேட்டான்.

“உங்க அக்காதான்” என்றாள் கறார்.

“எனக்கு அக்கா கிடையாது.”

“அப்ப உங்க மேல அக்கறையா எனக்குப் பணம் குடுத்த அந்தப் பொம்பளைன்னு வெச்சுக்கோங்க. என்ன நடந்துச்சு, சொல்லுங்க.”

அவன் சினிமா சண்டைக் காட்சிகளில் நடிகர்களுக்குப் பதிலாக பைக்கில் தாவுகிறவன். போன வாரம் ஒரு படப்பிடிப்பில், ஒத்திகை சரியாக முடிந்த பிறகு, சாய்வு மேடையில் ஏறிப் பறந்தான். எதிரே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிக் குவியலின் மேல் விழுந்திருக்க வேண்டும். குவியலை எட்டாமல் வெறும் தரையில் விழுந்தான். இடுப்பிலும் தொடையிலும் எலும்பு முறிவு. இனி பைக்கில் ஏறுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“பெட்டியை எங்க வைக்கணும்னு சொன்னது அவ பண்ணின ஆப்” என்று பல்லைக் கடித்தான். “காலேஜ்ல பிசிக்ஸ் டீச்சர். என்ன வேகம், என்ன கோணம்னு தட்டினா, தூக்கி எறிஞ்சது எங்க போய் விழும்னு சொல்ற ஆப். பசங்க பரீட்சைக்குன்னு பண்ணினா. நான்தான் எங்க ஸ்டண்ட் மாஸ்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம் மாஸ்டர்னு சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டுத்தான் தாவினேன்.”

“கிடையாத அக்காவோட ஆப்பை எதுக்குத் தம்பி சிபாரிசு பண்ணினீங்க?” என்று ஊசி கேட்டான்.

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஊசி குனிந்தான். கட்டிலுக்கு அடியில் நடுவில் பிளந்த ஹெல்மெட் ஒன்று கிடந்தது. அதன் நெற்றியில் இறக்கை முளைத்த ஏதோ ஒரு பிராணி பச்சைப் பெயின்டில் வரையப்பட்டிருந்தது.

“இது என்ன, முதலைக்குஞ்சா?”

“தொட்டே, கை இருக்காது. பல்லி அது. வெச்சுட்டுப் போ. சாயங்காலம் மாஸ்டர் வர்றாரு. போலீஸ் கம்ப்ளைன்ட் எழுதி ரெடியா வெச்சிருக்காரு. கையெழுத்துப் போடப்போறேன். அவ வேலை போகட்டும், உள்ள போகட்டும். எனக்குக் கால் போன மாதிரி.”

வெளியே வந்தபோது அக்கா நடைவழியில் சுவரோரம் நின்றிருந்தாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் மிச்சம் இருந்ததே இவர்கள் இரண்டு பேர்தான். தம்பி படிப்பை விட்டுவிட்டுச் சினிமாச் சண்டைக் கூடத்துக்குப் போன நாளிலிருந்து பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம் ஆகிறது.

“உங்க ஆப் என்னென்ன கேக்கும்?” என்றாள் கறார்.

“வேகம், கோணம், எவ்வளவு உயரத்துலேர்ந்து எறியறோம். அவ்வளவுதான்.”

“வேற எதுவும் கேக்காதா?”

“கேக்காது.” சொல்லும்போது அவள் கண் தீயணைப்புக் கருவியின் மேல் இருந்தது.

“ஊசி, உன் போன்ல அந்த ஆப்பை ஏத்திப் பாரு.”

“போன்ல இடமில்ல மேடம். எங்க சித்தப்பா அனுப்பற காலை வணக்கம் எல்லாம் உள்ள குடியிருக்கு. காலி பண்ண மாட்டேங்குது.”

கறாரிடம் இருப்பதோ பட்டன் போன். ஒரு கிளையன்டின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் கிளம்பியது அவள் தொழிலில் அபூர்வம். அதற்கான அபராதத்தை அடுத்த ஒரு மணி நேரத்தில் கட்டினாள்.

*

சண்டைக் கூடம் என்பது உயரமான தகரக் கொட்டகை. உத்தரத்திலிருந்து கயிறுகள் தொங்கின. கண்ணாடி கழற்றிய பைக்குகள் வரிசையாக நின்றன. மெத்தையில் ஆட்கள் மாறி மாறிக் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் நின்று முறைத்தார்கள். உட்காரச் சொல்ல ஒரு நாதி இல்லை.

மாஸ்டர் கழுத்தில் துண்டோடு வந்தார். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாத உடம்பு.

“அந்த டீச்சரம்மா அனுப்பின ஆளுங்களா? என் பையன் வாழ்க்கையை முடிச்சாச்சு. இப்ப என்ன, ஆள் விட்டுப் பஞ்சாயத்தா?”

“பஞ்சாயத்து இல்ல. ரெண்டு கேள்வி” என்றாள் கறார். “ஒத்திகையில சரியா விழுந்த பைக், ஷூட்டிங் அன்னைக்கு ஏன் விழல?”

“இந்தாம்மா, ஒரு தடவைதான் சொல்லுவேன், கேட்டுக்க.” மாஸ்டர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஒத்திகைக்கு பைக் மேல மணல் மூட்டையைக் கட்டி, மோட்டார் வெச்சுக் கம்பியால இழுத்து விட்டோம். மூட்டை செம கனம். அந்த எடையை ஆப்ல போட்டேன். பதினேழு மீட்டர்னுச்சு. பதினேழுல பெட்டி அடுக்கினோம். நடுவுல வந்து விழுந்துச்சு. ஷூட்டிங் அன்னைக்கும் அதே மோட்டார், அதே வேகம். ஆனா மேல மூட்டை இல்ல, பையன். பையன் லேசு. அவன் எடையைப் போட்டேன். ஆப் இருபதுன்னுச்சு. லேசான ஆளு கூடுதலாப் பறப்பான்ல? அதான் பெட்டியை மூணு மீட்டர் தள்ளி வெச்சேன். அவன் பதினேழுலயே விழுந்துட்டான்.”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஊசியும் தன்னை அறியாமல் தலையாட்டிவிட்டு, கறார் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

கறார் ஓர் அடி முன்னால் வந்தாள். “எடையைப் போட்டீங்க?”

“ஆமா.”

“ஆப்ல?”

“ஆப்லதான். காதுல போட்டுக்கலையா?”

“அந்த ஆப் எடையைக் கேக்கவே கேக்காது மாஸ்டர்” என்றாள் கறார், ஒவ்வொரு சொல்லாக. “இல்லாத இடத்துல எடையைப் போட்டேன்னு சொல்றீங்க. நீங்க அந்த ஆப்பைத் திறந்தே பாக்கல. பெட்டியை உங்க இஷ்டத்துக்கு நகர்த்திட்டு, பழியை அந்தப் பொண்ணு மேல போடறீங்க.”

ஊசிக்கு மார்பு விம்மியது. மேடம் ஒரே போடாகப் போட்டுவிட்டாள் என்று நினைத்தான்.

மாஸ்டர் சிரித்தார். இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து, தட்டி, கறாரின் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் நான்கு கட்டங்கள். வேகம், கோணம், உயரம். நான்காவதாக, கொட்டை எழுத்தில், எடை.

“படிக்கத் தெரியுமா? இல்ல, படிச்சுக் காட்டட்டுமா?”

குட்டிக்கரண ஆட்கள் கைதட்டினார்கள். ஒருத்தன் விசிலடித்தான். கறாரின் முகம் சிவந்ததை ஊசி அன்றுதான் பார்த்தான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் தன் செருப்பைப் பார்த்தான்.

“ரெண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே தூக்கிப் போடுங்கடா” என்றார் மாஸ்டர். “மெத்தை எதுவும் போட வேணாம்.”

*

ஆஸ்பத்திரி மருந்துக்கடையை ஒட்டிய படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கறார் அவள் எதிரே போய் நின்றாள்.

“பொய் சொல்ற குற்றவாளியைப் பாத்திருக்கேன். பொய் சொல்ற சாட்சியைப் பாத்திருக்கேன். பணமும் குடுத்து, பொய்யும் சொல்லி, என்னை நாலு பேர் முன்னாடி மூக்கறுபட வெச்ச முதல் ஆள் நீங்கதான்.”

“மூக்கு மட்டும்தான் மேடம் அறுபட்டுது. எனக்கு முட்டியே பேந்துடுச்சு” என்று ஊசி பேன்டைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. “எடைக் கட்டம்” என்றாள் மெதுவாக.

“அதேதான். ஏன் மறைச்சீங்க?”

“வெக்கம்!” அவள் வெடித்தாள். “பத்து வருஷமா பிசிக்ஸ் சொல்லித்தர்றவ நான். ஒரே வேகத்துல ஒரே கோணத்துல எறிஞ்சா, இரும்புக் குண்டா இருந்தாலும் செங்கல்லா இருந்தாலும் ஒரே இடத்துலதான் விழும். காத்து கொஞ்சம் இழுக்கும், அதை விடுங்க. எடைக்கு அந்தக் கணக்குல வேலையே கிடையாது. அதைத்தான் முதல் வகுப்புலயே சொல்லித்தருவேன். அப்படிப்பட்டவ எடைக்கு ஒரு கட்டம் வெச்சிருக்கேன்னு எந்த வாயால சொல்றது?”

“வேலையில்லாத கட்டத்தை எதுக்கு வெச்சீங்க?”

“திட்டு தாங்க முடியல. ஆப் கடையில வர்றவன் எல்லாம், எடை கேக்காத ஆப் போலி ஆப்புன்னு ஒத்தை ஸ்டார் போட்டான். ஆரம்பிச்சு வெச்சவன் ‘பறக்கும் பல்லி’ன்னு ஒருத்தன். ‘எடையே கேக்காம எங்க விழும்னு சொல்ற இந்த மேதாவியை முதல்ல மாடியிலேர்ந்து எறிஞ்சு பாக்கணும்’னு எழுதினான். அதைப் பாத்துட்டு ஊரே கல்லெறிஞ்சுது. ஒவ்வொருத்தனுக்கா விளக்கம் எழுதிப் பாத்தேன். அதுக்கும் திட்டினான். கடைசியில வீம்புக்கு ஒரு கட்டம் வெச்சேன். மறுநாளே ‘இப்பதான் துல்லியமா இருக்கு’ன்னு அஞ்சு ஸ்டார் வருது!”

ஊசிக்கு ‘பல்லி’ என்ற சொல்லில் ஏதோ இடித்தது. பிடிபடுவதற்குள் கறார் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

“அந்தக் கட்டம் உள்ள என்ன பண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாது. கணக்கோட சேரவே சேராது. பேருக்கு நிக்கும்.”

“நம்ம ஆபீஸ்ல நான் நிக்கற மாதிரி” என்றான் ஊசி.

கறார் அவனைத் திட்டவில்லை. அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்தது. கோபம் இருந்த முகத்தில் இப்போது வேறு என்னமோ வேலை செய்துகொண்டிருந்தது.

“எந்த எடையைப் போட்டாலும் பதில் மாறாது?”

“மாறாது.”

“மாஸ்டர் போலீஸ்ல என்ன சொல்லப்போறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“யாரு என்கிட்ட பேசறாங்க? ஆப் தப்பு, ஆப் தப்புன்னு மட்டும்தான் காதுல விழுது.”

கறார் சிரித்தாள். அவள் சிரித்தால் யாருக்கோ கேடுகாலம் என்று ஊசிக்குத் தெரியும். “வாங்க. கதவுக்கு வெளியே நில்லுங்க. நான் கூப்பிட்டா உள்ள வரணும், உங்க தம்பி என்ன கத்தினாலும் சரி.”

*

அறைக்குள் மாஸ்டர் தன் ஆட்கள் இருவரோடு வந்து உட்கார்ந்திருந்தார். கம்ப்ளைன்ட் தம்பியின் மார்பின் மேல் ஒரு அட்டையில் வைக்கப்பட்டிருந்தது. பேனா அவன் கையில்.

“மறுபடியுமா?” மாஸ்டர் எழுந்தார். “வாசல் வரைக்கும் தூக்கிப் போட்டது பத்தலையா?”

“மன்னிப்புக் கேக்க வந்தேன் மாஸ்டர்” என்றாள் கறார், கையைக் கட்டிக்கொண்டு. ஊசிக்கு விக்கல் வரும்போல இருந்தது. “கட்டம் இருக்கு. தப்பு என் மேல. உங்க பையன் கையெழுத்துப் போடட்டும், நான் தடுக்கல. ஆனா கோர்ட்ல வக்கீல் கேப்பாரு, ஆப் எப்படித் தப்பாச் சொல்லுச்சுன்னு. இவரு கண்ணால பாத்துட்டுப் போட்டா நல்லதுதானே? அன்னைக்குப் பண்ணின மாதிரியே ஒரு தடவை போட்டுக் காட்டிடுங்க.”

ஜெயித்தவனுக்கு இன்னொரு தடவை ஜெயிக்கக் கசக்குமா? மாஸ்டர் போனை எடுத்துக் கட்டில் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

“பாத்துக்கடா. வேகம், செகண்டுக்குப் பதினாலு மீட்டர். கோணம் முப்பது. உயரம் ஒண்ணும் இல்ல, மேடையும் பெட்டியும் ஒரே மட்டம். எடை, மணல் மூட்டையோடது, நூத்திருபது.” தட்டினார். “பதினேழு புள்ளி மூணு ரெண்டு. பாத்தியா? பதினேழு.”

“இப்ப இவரு எடை” என்றாள் கறார்.

“எழுபது.” தட்டினார்.

திரையில் பதினேழு புள்ளி மூணு ரெண்டு என்று வந்தது.

மாஸ்டர் போனை உதறினார். மறுபடி தட்டினார். மறுபடியும் பதினேழு புள்ளி மூணு ரெண்டு.

“என் எடையைப் போட்டுப் பாருங்க மாஸ்டர்” என்றான் ஊசி. “லேசான ஆளு. அடுத்த தெருவுல போய் விழுவேன்.”

மாஸ்டர் போடவில்லை. அவர் கையிலிருந்து போனைக் கட்டிலில் கிடந்தவன் வாங்கிக்கொண்டான். தானே ஐம்பது போட்டான். பிறகு ஐயாயிரம் போட்டான். யானையைக் கட்டி இழுத்தாலும் பைக் பதினேழு புள்ளி மூணு ரெண்டிலேயே விழுந்துகொண்டிருந்தது.

“அந்தக் கட்டம் வெறும் பொம்மை” என்றாள் கறார். “எடை கேக்கலைன்னு திட்டினவங்க வாயை அடைக்க வெச்சது. எந்த எடைக்கும் இந்த ஆப் ஒரே பதிலைத்தான் சொல்லும். அதுதான் சரியான பதிலும்கூட. ஷூட்டிங் அன்னைக்கு இருபதுன்னு இது சொல்லியிருக்கவே முடியாது.”

“அன்னைக்குச் சொல்லுச்சு! அந்த டீச்சர் இப்ப மாத்தியிருப்பா!”

“போன் உங்களோடது. ஆப் கடைசியா எப்ப மாறுச்சுன்னு அதுலயே இருக்கு. படிச்சுக் காட்டட்டுமா?”

ஊசி எட்டிப் பார்த்து, “போன வருஷம்” என்றான். தன் கடமையில் தவறாதவனாக.

கட்டிலில் இருந்தவன் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தமே போடாமல் பேசினான்.

“அன்னைக்குக் காலையில மானிட்டர்ல ஒத்திகையைப் பாத்தீங்க. டைரக்டர் சொன்னாரு, இது சாக்கடை தாண்டற மாதிரி இருக்கு, இடைவெளி பத்தலைன்னு. எனக்குக் கேட்டுச்சு. வந்து பெட்டியைத் தள்ளச் சொன்னீங்க. ஏன் மாஸ்டர்னு கேட்டேன். ‘உங்க அக்கா ஆப் சொல்லுதுடா’ன்னீங்க. அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை கேக்கல.”

“டேய், குவியல் நீளமா இருந்துச்சுடா. முன்னாடி ஓரத்துலயாவது நீ விழுவேன்னுதான் நெனச்சேன்…”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மாஸ்டருக்கு உறைத்தது. கூட வந்த ஆட்கள் இருவரும் அவரிடமிருந்து தள்ளி நின்றார்கள். அவர்களும் நாளைக்கு இவர் காட்டும் இடத்தில்தான் தாவ வேண்டியவர்கள்.

தம்பி கம்ப்ளைன்ட்டை எடுத்து ஊசியிடம் நீட்டினான்.

“பேரை மட்டும் மாத்திக் குடுங்க. மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு.”

ஊசி அக்காவின் பெயரை அடித்துவிட்டு மாஸ்டரின் பெயரை எழுதினான். தம்பி ஆப்பைப் பற்றிய வரியையும் தானே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். மாஸ்டர் துண்டைக்கூட எடுக்காமல் வெளியே போனார். கதவருகே நின்ற அக்கா அவருக்கு வழிவிடவில்லை. அவர்தான் ஒடுங்கிக்கொண்டு போனார்.

“வாங்க உள்ள” என்றாள் கறார்.

அக்கா வந்தாள். வந்த வேகத்திலேயே ஆரம்பித்தாள். “அறிவு இருக்காடா உனக்கு? எவனோ சொன்னா நம்பிடுவியா? நான் உன்னைத் தரையில விழ வைப்பேனா?”

“நீ எதுக்கு அந்தப் பொம்மைக் கட்டத்தை வெச்சே? அது இல்லேன்னா அந்த ஆளு இப்படி ஒரு கதை விட்டிருப்பானா?”

“நானா வெச்சேன்? ஒரு மடையன் வெக்க வெச்சான்! பறக்கும் பல்லியாம். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…”

ஊசிக்கு அப்போது பிடிபட்டது. குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்தான். இந்தத் தடவை கை போய்விடும் என்று யாரும் மிரட்டவில்லை. பச்சைப் பல்லி, இரண்டு இறக்கை. அதை அக்காவின் கையில் வைத்தான்.

“கிடைச்சுட்டான் மேடம்.”

அக்கா ஹெல்மெட்டைப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். தம்பி காது வரை சிவந்து, போர்வையைக் கழுத்துக்கு இழுத்துக்கொண்டான்.

“நீ என்னை வீட்டை விட்டுப் போடான்னு சொன்ன அன்னைக்குப் போட்டேன்” என்றான். “பிசிக்ஸ் தெரியாதவன்னு திட்டினேல்ல. அந்தக் கோவம்.”

“மாடியிலேர்ந்து எறியணும்னு எழுதினே.”

“எழுதினேன்.”

“அப்புறம் அதே ஆப்பைத் தூக்கிக்கிட்டுப் போய் ஊர் பூரா காட்டினே.”

“நம்ம வீட்ல பண்ணினது இல்லையா” என்றான் அவன். அழுதான். இடுப்பு எலும்பு முறிந்தபோதுகூட அவன் அழவில்லை என்று நர்ஸ் காலையில் ஊசியிடம் சொல்லியிருந்தாள்.

அக்கா பிளந்த ஹெல்மெட்டின் விரிசலை விரலால் தடவினாள். பிறகு போனை எடுத்தாள். “அந்தக் கட்டத்தை இன்னிக்கே எடுத்துடறேன்.”

“எடுக்காதேக்கா.”

இரண்டு வருஷத்தில் அவன் வாயில் அந்தச் சொல் வந்தது அப்போதுதான். அவள் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

“இருக்கட்டும்” என்றான். “நாளைக்கு இன்னொருத்தன் பொய் சொல்லுவான். அவனும் மாட்ட வேணாமா?”

கறார் ஊசியின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள். கதவு சாத்துவதற்குள் ஊசி ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

“வாயை மூடிக்கிட்டுப் படு” என்று சொல்லிவிட்டு, அக்கா ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள். ஹெல்மெட் அவள் மடியில் இருந்தது.